வேக்கம் எங்கே தொலைகிறது? ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களில் வெற்றிட இழப்பைக் கண்டறிதல்

பெட்ரோல் எஞ்சின் ஓடும்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டு என்னும் குழாய்த்தொகுதிக்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் நிலவுகிறது. மெக்கானிக்குகள் 'வேக்கம்' என்று சொல்லும் இந்த அழுத்தக்குறைவு, எஞ்சின் திட்டமிட்டு உருவாக்கும் ஒன்றல்ல. காற்றின் வழியை மறிக்கும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருக்க, கீழிறங்கும் பிஸ்டன்கள் கிடைக்காத காற்றை இழுக்க முயல்வதால் விளையும் உபபொருள் அது. ஆகவே த்ராட்டில் மூடியிருக்கும் ஐட்லிங் நிலையில் வேக்கம் மிகுதியாகவும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது ஏறக்குறைய சுழியாகவும் இருக்கும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 29.92 அங்குலப் பாதரசம். நல்ல நிலையிலுள்ள சாதாரண எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை வேக்கம் காட்டும்.

செலவில்லாமல் கிடைக்கும் இந்த விசையை 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் வடிவமைப்பாளர்கள் தாராளமாகப் பயன்படுத்தினர். 1962இல் வெளிவந்த லோட்டஸ் எலான் காரின் முகவிளக்குகள் வேக்கத்தால் எழுந்து தாழ்ந்தன. 1968ஆம் ஆண்டு மாடலாக வந்த மூன்றாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட் காரில் முகவிளக்குகள் மட்டுமன்றி, வைப்பர்களை மறைக்கும் மூடியும் 1972 வரை வேக்கத்தாலேயே இயங்கியது. இவற்றுடன் பிரேக் பூஸ்டர், இக்னிஷன் டைமிங்கை முன்தள்ளும் டயாஃப்ரம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மாடுலேட்டர், எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை உறிஞ்சும் பிசிவி வால்வு ஆகியனவும் அதே மேனிஃபோல்டிலிருந்து பங்கு கேட்கின்றன. பயன்படுத்துவோர் பலராகவும் ஊற்று ஒன்றாகவும் இருப்பதால், ஓரிடத்துப் பழுது வேறோரிடத்தில் வெளிப்படுகிறது. முகவிளக்குக் குழாயில் விழுந்த விரிசல் ஐட்லிங்கைத் தடுமாறச் செய்யும், கியர்பாக்ஸ் மாடுலேட்டரின் கிழிசல் சைலன்ஸரில் வெண்புகையாகத் தெரியும்.

இத்துறையின் பழுதுபார்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் வேக்க இழப்பையும் கசிவையும் ஒன்றாகவே பேசுகின்றன. ஆனால் வேக்கம் உருவாகாமல் போவது ஒன்று, உருவானது தங்காமல் போவது வேறொன்று, தங்கியது சேரவேண்டிய இடத்தைச் சேராமல் போவது மற்றொன்று. இவற்றோடு, குறைந்த வேக்கம் பழுதே அல்லாமல் அந்த எஞ்சினின் இயல்பாகவே இருக்கும் நான்காவது நிலையும் உண்டு; ஸ்போர்ட்ஸ் கார்களில் அது அரிதன்று. இந்த நான்கையும் பிரித்தறியாமல் ரப்பர் குழாய்களை வரிசையாக மாற்றத் தொடங்குவது பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும் வழி; பழைய கார்களின் உரிமையாளர்கள் மிக எளிதாக விழும் குழியும் அதுவே.

முதலில் இயல்பான குறைவைக் கருதலாம். உட்செல்லும் வால்வும் வெளியேற்றும் வால்வும் ஒரே நேரத்தில் சற்றே திறந்திருக்கும் இடைவெளியை ஓவர்லாப் என்பர். உயர் வேகத்தில் அதிகக் குதிரைத்திறன் பெறுவதற்காக வடிவமைக்கப்பட்ட கேம்ஷாஃப்டுகளில் இந்த இடைவெளி நீண்டது. அதன் விளைவாக, ஐட்லிங்கில் எரிந்த வாயு மேனிஃபோல்டுக்குள் பின்னோக்கி வந்து கலக்கிறது, வேக்கமும் 10 அல்லது 12 அங்குலத்துக்குச் சரிகிறது. 1970ஆம் ஆண்டுக் கார்வெட்டின் எல்டி-1 எஞ்சின் போன்ற, சாலிட் லிஃப்டருடன் கூடிய வீரியமான எஞ்சின்களிலும், பின்னாளில் உரிமையாளர் கேம்ஷாஃப்டை மாற்றிய எஞ்சின்களிலும் 20 அங்குலத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது. எந்தக் கசிவும் இல்லாத எஞ்சினில் கசிவைத் தேடி அலையாமலிருக்க, முன்பு என்ன கேம்ஷாஃப்ட் பொருத்தப்பட்டது என்ற கேள்வியே வேக்கத்தை அளக்கும் கேஜை இணைப்பதற்கு முன் கேட்கத்தக்கது.

உயரமும் அளவை மாற்றும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 அடிக்கும் ஏறக்குறைய 1 அங்குலம் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. 5280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரில் 13 அங்குலம் காட்டும் எஞ்சின், கடற்கரை நகரில் 18 காட்டும் எஞ்சினைப் போலவே நலமுடன் இருக்கலாம். அண்மைக்கால எஞ்சின்களில் நிலைமை மேலும் மாறியிருக்கிறது. பிஎம்டபிள்யூ நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய வால்வ்ட்ரானிக் முறையில், காற்றின் அளவை த்ராட்டில் தட்டுக்குப் பதிலாக வால்வு எழும் உயரமே கட்டுப்படுத்துவதால் மேனிஃபோல்டில் வேக்கம் மிகச் சிறிதே எஞ்சுகிறது. பிரேக் பூஸ்டருக்கான வேக்கத்தைத் தனிப் பம்பு ஒன்று தருகிறது. அத்தகைய எஞ்சினைப் பழைய அளவுகோலால் அளப்பவர், இல்லாத நோய்க்கு மருந்து தேடுகிறார்.

எஞ்சினே வேக்கத்தை உருவாக்கத் தவறும் நிலையை வேக்கம் கேஜின் முள் வெளிப்படையாகக் காட்டும். முள் நிலையாக நின்று, ஆனால் சில அங்குலம் தாழ்ந்திருந்தால், இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டில் பெரிய கசிவு இருக்கலாம். சீரான இடைவெளியில் ஒவ்வொரு முறையும் முள் சற்றே வீழ்ந்து மீண்டால், ஒரு சிலிண்டரின் வால்வு எரிந்தோ சரியாக மூடாமலோ இருப்பதாகக் கொள்ளலாம். ஐட்லிங்கில் வேகமாக நடுங்கி, வேகம் கூடியதும் அடங்கும் முள் தேய்ந்த வால்வு கைடையும், மாறாக வேகம் கூடக் கூட நடுக்கம் மிகும் முள் தளர்ந்த வால்வு ஸ்பிரிங்கையும் சுட்டும். எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் நிலையாக ஓட்டுகையில் முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், சைலன்ஸர் அல்லது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைபட்டிருப்பதாக ஐயுறலாம். வெளியேற வேண்டிய வாயு தேங்குவதால் புதிய காற்றை இழுக்கும் திறன் குன்றுகிறது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதித்து விடும்போது முள் சுழிக்கருகே விழுந்து, பின் 24 அங்குலத்தைத் தொட்டுத் திரும்பினால் பிஸ்டன் ரிங்குகள் நன்றாக உள்ளன என்று நம்பலாம். இவை எல்லாம் அனுபவத்தால் திரண்ட குறிப்புகளேயன்றி இறுதித் தீர்ப்புகள் அல்ல. முள் காட்டிய திசையைக் கம்ப்ரெஷன் சோதனையால் உறுதிசெய்த பிறகே எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

இந்த இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ் தனிக் கவனம் பெறுகிறது. டயாஃப்ரம் கொண்ட சிறு டப்பா ஒன்று, வேக்கம் மிகும்போது இக்னிஷனை முன்தள்ளுகிறது. அந்த டப்பா முழுமையாக இழுபட 15 அங்குலம் தேவைப்பட்டு, எஞ்சின் தருவது 12 மட்டுமே என்றால், டைமிங் ஓரிடத்தில் நிற்காமல் ஊசலாடும். டைமிங் பின்தங்குவதால் வேக்கம் குறையும், வேக்கம் குறைவதால் டைமிங் மேலும் பின்தங்கும். இந்தச் சுழற்சி வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அப்படியே கசிவாகத் தோன்றும். எஞ்சினின் ஐட்லிங் வேக்கத்தைவிட ஏறக்குறைய 2 அங்குலம் குறைவான அளவிலேயே முழுவதும் இழுபடும் டப்பாவைத் தேர்ந்தெடுப்பது இதற்குத் தீர்வு. மலிவான ஒரு பாகத்தை மாற்றினால் தீரும் இந்தக் கோளாறுக்காகப் பலர் கார்புரேட்டரையே கழற்றிப் பிரித்திருக்கின்றனர்.

இரண்டாவது நிலை, அதாவது உருவான வேக்கம் தங்காமை, பொதுவாகக் கசிவு எனப்படுவது. கசிவின் அறிகுறி எஞ்சினின் எரிபொருள் முறையைப் பொறுத்து மாறுவதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினில், கணக்கில் வராமல் நுழையும் காற்று கலவையை நீர்த்துப்போகச் செய்வதால் ஐட்லிங் தடுமாறும். உட்புகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்ஸர் உள்ள எஞ்சினிலும், சென்ஸருக்குப் பின்னால் நுழையும் காற்று அளவுக்கு வராததால் கலவை நீர்க்கும். கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் சேர்த்து ஈடுகட்ட முயலும், அந்தத் திருத்தம் ஐட்லிங்கில் பெரிதாகவும் வேகம் கூடும்போது சிறிதாகவும் இருப்பது கசிவின் நம்பகமான அடையாளம். மேனிஃபோல்டு அழுத்தத்தையே அளந்து பெட்ரோலைக் கணக்கிடும் எஞ்சினிலோ, கசிவுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுவதால் கலவை பெரிதும் கெடாது. ஐட்லிங் வேகம்தான் உயரும். ஒரே ஓட்டை மூன்று கார்களில் மூன்று முகம் காட்டும் என்பதால், ஒரு காரில் கற்ற பாடத்தை மற்றொன்றில் அப்படியே பொருத்த இயலாது.

கசிவைத் தேடும்போது எந்தக் கிளையில் என்பதை முதலில் முடிவுசெய்வதே சிக்கனமான வழி. மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் எல்லாக் குழாய்களையும் கழற்றி, அவற்றின் வாய்களை ரப்பர் மூடிகளால் அடைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும். வேக்கம் உயர்ந்து ஐட்லிங் சீரானால் குற்றம் குழாய்களிலோ அவை சென்றடையும் கருவிகளிலோ உள்ளது. மாற்றமில்லையெனில் மேனிஃபோல்டு, கார்புரேட்டர் அடிப்பகுதி, த்ராட்டில் தண்டு அல்லது எஞ்சினிலேயே உள்ளது. பின்னர் கிளைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைத்து, எந்த இணைப்பில் முள் விழுகிறது என்று காண வேண்டும். குழாயை இடுக்கியால் நெரித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. ஆனால் 50 ஆண்டுப் பழைய ரப்பர் நெரித்த இடத்திலேயே வெடிக்கும், சோதனையே புதிய கசிவை உண்டாக்கிவிடும். சூடான எஞ்சின்மீது கார்புரேட்டர் கிளீனரைத் தெளித்து, ஐட்லிங் மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளும் முறை பரவலானது என்றாலும், தீப்பிடிக்கும் அபாயம் உள்ளது. ஃபைபர்கிளாஸ் உடல் கொண்ட கார்களில் அதைத் தவிர்ப்பதே அறிவு. எஞ்சினை நிறுத்திவிட்டு மேனிஃபோல்டுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, அது எங்கே வெளிப்படுகிறது என்று பார்க்கும் ஸ்மோக் சோதனை பாதுகாப்பானது, துல்லியமானது.

புகைக்கும் அகப்படாத கசிவு ஒன்று வி-8 எஞ்சின்களில் உண்டு. இரு வரிசைச் சிலிண்டர்களுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின் மேல் மேனிஃபோல்டு அமர்ந்திருக்கிறது. கேஸ்கட்டின் கீழ்விளிம்பு விலகினால், எஞ்சின் வெளிக்காற்றை இழுக்காமல், பள்ளத்துக்குள் இருக்கும் எண்ணெய் கலந்த ஆவியை இழுக்கும். வெளியே தெளிக்கும் எந்தத் திரவமும் இதைத் தொடாது. எண்ணெய் குறைவதும், ஸ்பார்க் பிளக்குகளில் கரி படிவதும் மட்டுமே தடயம். பிசிவி வால்வையும் மற்ற காற்றுத் துவாரங்களையும் அடைத்து, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், இயல்பாக மெல்லிய வெளித்தள்ளல் இருக்க வேண்டிய இடத்தில் உறிஞ்சல் தெரியும். மேனிஃபோல்டின் பரப்புகளைச் சீவி, உயரம் குறைத்துப் பொருத்திய எஞ்சின்களில், கோணம் சற்றே பிசகுவதால் இக்குறை கூடுதலாக நேர்கிறது.

கார்வெட்டின் டர்போ ஹைட்ராமாட்டிக் 400 கியர்பாக்ஸ் இதற்கு நேர்மாறான தெளிவு தருகிறது. 1968 முதல் அந்தக் காரில் இடம்பெற்ற இந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எஞ்சின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்பதை வேக்கத்தின் மூலமே அறிகிறது. மாடுலேட்டருக்குச் செல்லும் குழாய் கழன்றாலோ வெடித்தாலோ, எஞ்சின் எப்போதும் முழுச் சுமையில் இருப்பதாகக் கருதி, கியர் தாமதமாகவும் உதைத்தாற்போலும் மாறும். மாடுலேட்டரின் டயாஃப்ரமே கிழிந்திருந்தால் சிவப்பு நிறக் கியர்பாக்ஸ் எண்ணெய் அக்குழாய் வழியே மேனிஃபோல்டுக்கு உறிஞ்சப்பட்டு எரியும். குழாயைக் கழற்றி உள்ளே எண்ணெய் ஈரம் உள்ளதா என்று பார்த்தால் போதும். வேறு கருவி வேண்டியதில்லை.

மூன்றாவது நிலையே இவ்வகைக் கார்களின் தனிச்சிக்கல். முகவிளக்குகளை இயக்கும் வேக்கம் நேரடியாக மேனிஃபோல்டிலிருந்து வருவதில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வேக்கம் மறைந்துவிடுமாதலால், அதைச் சேமித்து வைக்க ஒரு கலமும், சேமித்தது திரும்பிப் போகாமல் காக்க ஒரு செக் வால்வும் இடையில் உள்ளன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு பழுதானால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் இறங்கிவிடுவது போல, செக் வால்வு மூடாவிட்டால் எஞ்சின் நின்றதும், மேட்டில் ஏறியதும், சேமிப்பு வெறுமையாகும். கலத்திலிருந்து டாஷ்போர்டு ஸ்விட்சுக்கு ஒரு சிறு சைகைக் குழாய் செல்கிறது. ஸ்விட்ச் திறந்ததும் அச்சைகை ஒவ்வொரு விளக்குக்கும் உரிய ரிலேயைத் தூண்ட, ரிலே பெருமளவு வேக்கத்தை ஆக்சுவேட்டர் எனப்படும் டயாஃப்ரம் டப்பாவின் ஒருபுறத்துக்கோ மறுபுறத்துக்கோ திருப்புகிறது.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டவருக்கு நோய்க்குறியே பாதி விடை. இரண்டு விளக்குகளும் ஒருசேரத் தாமதித்தால், இரண்டுக்கும் பொதுவான கலம், செக் வால்வு, ஸ்விட்ச் ஆகியவற்றை ஐயுற வேண்டும். ஒன்று எழுந்து மற்றொன்று கண்ணடிப்பதுபோல் பாதியில் நின்றால், அந்தப் பக்கத்து ரிலேயோ ஆக்சுவேட்டரோ குற்றவாளி. இரு பக்கத்துக் குழாய்களையும் மாற்றி இணைத்துப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும். குழாய்களை மாற்றியும் அதே விளக்கே முரண்டு பிடித்தால் அதன் டயாஃப்ரமோ, தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீலோ தேய்ந்திருக்கும். அல்லது குற்றம் வேக்கத்தில் இல்லாமல் துருப்பிடித்த கீல்களில் இருக்கும். கையால் விளக்கைத் தூக்கிப் பார்ப்பதை எந்தச் சோதனைக்கும் முன்னால் செய்திருக்க வேண்டும். வைப்பர் மூடியுள்ள 1968 முதல் 1972 வரையான கார்களில் அதற்கெனத் தனிக் குழாய்களும் சோலனாய்டு வால்வும் சேர்வதால் கசியத்தக்க இடங்கள் இன்னும் பெருகுகின்றன. 1973இல் அந்த மூடி கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

லோட்டஸ் எலானில் சேமிப்புக் கலம் எதிர்பாராத இடத்தில் உள்ளது. காரின் முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டத்தின் முன்புறக் குறுக்குத்தண்டே உள்ளீடற்று அடைக்கப்பட்டு வேக்கக் கலமாகப் பயன்படுகிறது. எடையைக் குறைப்பதில் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் காட்டிய பிடிவாதத்துக்கு இது பொருத்தமான சான்று. ஆனால் எஃகு உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் குழாய்கள், வால்வு, டயாஃப்ரம் அனைத்தையும் புதிதாக மாற்றியும் விளக்குகள் நிற்காது. தொடக்கக்கால எலான்களில் வேக்கமே விளக்கைத் தூக்கி நிறுத்தியதால், கசிவு ஏற்பட்டால் இரவில் ஓடும்போதே விளக்குகள் தாழ்ந்தன. பிற்கால மாடல்களில் இதைத் தலைகீழாக்கி, ஸ்பிரிங் விளக்கைத் தூக்க, வேக்கம் அதைக் கீழே பிடித்திருக்குமாறு செய்தனர். அதனால் இன்று நிறுத்திவைத்த எலானின் விளக்குகள் தாமாக எழுந்து நிற்பதைக் காணலாம். அது அவலட்சணமே தவிர ஆபத்தன்று. துருவேறிய குறுக்குத்தண்டுக்குப் பதிலாகத் தனிக்கலம் ஒன்றைப் பொருத்துவோர் பலர். அது விளக்குக்குத் தீர்வாகலாம், ஆனால் அதே தண்டுதான் முன்சக்கரங்களின் சஸ்பென்ஷனையும் தாங்குகிறது என்பதை மறந்து துளையை மட்டும் ஒதுக்கிவிடுவது பொறுப்பான பழுதுபார்ப்பு ஆகாது.

பிரேக் பூஸ்டரின் கதை கணக்கில் எளிதாக விளங்கும். 250 மி.மீ. விட்டமுள்ள டயாஃப்ரத்தின் மீது 18 அங்குல வேக்கம் ஏறக்குறைய 300 கிலோ எடைக்கு நிகரான உதவியைத் தரவல்லது. 10 அங்குலத்தில் அது ஏறக்குறைய 170 கிலோவாகக் குறைகிறது. எஞ்சினை நிறுத்தி, மிதியைப் பலமுறை அழுத்திச் சேமிப்பைத் தீர்த்து, மிதித்தபடியே எஞ்சினைக் கிளப்பினால் மிதி சற்றே அமிழ வேண்டும். அமிழாவிட்டால் பூஸ்டருக்கு வேக்கம் எட்டவில்லை. ஓவர்லாப் மிகுந்த கேம்ஷாஃப்ட் காரணமாக வேக்கம் இயல்பிலேயே குறைவான கார்களில் கூடுதல் சேமிப்புக் கலம் ஓரளவே உதவும். 12 அங்குலம் தரும் எஞ்சின் எத்தனை பெரிய கலத்தையும் 12க்கு மேல் நிரப்பாது. அங்கே மின்சார வேக்கம் பம்பு ஒன்றே நேர்மையான தீர்வு.

வேக்கக் கோளாறு, வேக்கத்தோடு தொடர்பே இல்லாதது போன்ற முகமூடி அணிந்து வருவதற்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறை சிறந்த எடுத்துக்காட்டு. அதன் 13பி-ஆர்இடபிள்யூ ரோட்டரி எஞ்சினில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருகின்றன. ஏறக்குறைய 4500 சுற்றில் இரண்டாவது டர்போ சேரும்போது அழுத்தம் 10 பிஎஸ்ஐயிலிருந்து 8க்கு இறங்கி மீண்டும் 10க்கு ஏறுவது சரியான நிலை. இந்த மாற்றத்தை நிகழ்த்துபவை வேக்கத்தாலும் அழுத்தத்தாலும் இயங்கும் ஆக்சுவேட்டர்கள். அவற்றுக்கெனத் தனித்தனிக் கலங்களும், சோலனாய்டுகளும், செக் வால்வுகளும், மெல்லிய குழாய்களின் பெருஞ்சிக்கலும் மேனிஃபோல்டின் அடியில் வெப்பத்தில் வேகின்றன. குழாய் கெட்டியாகி விரிசல் விட்டாலோ ஒரு செக் வால்வு கசிந்தாலோ, ஓட்டுநருக்குத் தெரிவதெல்லாம் 4500க்கு மேல் வண்டி இழுக்கவில்லை என்பதே. டர்போவைக் குற்றம் சாட்டி அதை மாற்றுவது பல்லாயிரம் ரூபாய் வேலை; கைப்பம்பால் வேக்கக் கலத்தையும் ஒவ்வொரு ஆக்சுவேட்டரையும் சோதிப்பது ஒரு பிற்பகல் வேலை. குழாய்களைச் சிலிக்கானுக்கு மாற்றுவோர், செக் வால்வுகளைப் பழையதாகவே விட்டுவிட்டால் பாதி வேலையே முடிந்திருக்கும்.

பழுது நீங்கியதா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. எஞ்சின் ஓடும்போது பெரிய ஊற்று சிறிய கசிவை மறைத்துவிடும். ஒவ்வொரு கிளையையும் கைப்பம்பால் 15 அங்குலத்துக்கு இழுத்து, ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, சேமிப்புக் கலத்திலுள்ள வேக்கத்தை மட்டும் கொண்டு விளக்குகளை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்ப்பதும், மறுநாள் காலையில் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் கலத்தில் கேஜை இணைத்து எஞ்சிய அளவைக் குறித்துக்கொள்வதும் தேவை. குளிர்ந்த ரப்பர் சுருங்கும்போது மட்டுமே திறக்கும் விரிசல்கள் உள்ளதால், இந்தக் காலை அளவே முந்தைய நாளின் சூடான அளவைவிட நம்பத்தக்கது.